ரவையும் குருணையும்: எஃகுத் துகள்களுக்குப் பெயரிடுதல் குறித்து ஒரு கருத்துரை

அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்கும் பணி அமைப்பு முறையில் தொடங்கி நூறாண்டுகள் கடந்துவிட்டன. சேலத்தில் இராஜாஜி முதலியோர் இதற்கென ஒரு சங்கம் நிறுவியது 1916இல். அன்று தொட்டு இன்றைய அகராதித் திட்டங்கள் வரை இத்துறையில் செலவிடப்பட்ட உழைப்பு பெரிது. அதன் பயனும் பெரிது. ஆயினும் அவ்வுழைப்பு பெரும்பாலும் பாடநூலை நோக்கியே நடந்துள்ளது. வகுப்பறையில் கேட்கப்படும் சொற்களுக்கு நிகரன்கள் பலவாகக் கிடைக்கின்றன. பட்டறையில் நாள்தோறும் கையாளப்படும் பொருள்களுக்கோ, ஒன்றும் கிடைப்பதில்லை. அல்லது பொருளை அறியாமல் ஆக்கப்பட்ட ஒன்று கிடைக்கிறது. உலோகப் பரப்பைத் தூய்மை செய்யப் பயன்படும் எஃகுத் துகள்களின் பெயர்கள் இந்நிலைக்கு ஒரு நல்ல சான்று.

வாலாஜாபாத் வட்டாரத்தை இதற்குக் களமாகக் கொள்வது பொருந்தும். ஒருபுறம் காஞ்சிபுரம், அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை என நெசவை நம்பிய ஊர்கள். மறுபுறம் வண்டலூர் சாலையில் ஒரகடம், அதற்கப்பால் வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என வரிசையாகத் தொழிற்பேட்டைகள். தந்தை தறியிலும் மகன் ஆலையிலும் இருக்கும் குடும்பங்கள் இங்கு அரியன அல்ல. வார்ப்படங்களின் மேல் ஒட்டிய மணலையும், தகடுகளின் துருவையும், வெப்பப் பதனத்தில் படிந்த செதிலையும் அகற்ற இவ்வகை ஆலைகளில் எஃகுத் துகள்களை மிகுவேகத்தில் வீசுவார்கள். சுழலும் சக்கரத்தின் தகடுகள் வீசுவது ஒரு முறை. அழுத்தக் காற்று குழாய் வழியே உந்துவது மற்றொரு முறை. இரண்டையும் பேச்சில் 'பிளாஸ்டிங்' என்றோ 'ஷாட் அடித்தல்' என்றோ சொல்லி முடித்துவிடுகின்றனர். துகள் எதுவாயினும் அதற்கும் 'ஷாட்' என்பதே பெயர். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சாக்கின் மேல் உள்ள பெயர்

ஆலைக்கு வரும் சாக்குகளின் மேல் எஸ்-330, எஸ்-170, ஜி-25, ஜி-40 என்பன போன்ற குறிகள் இருக்கும். இவை அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ, ஜே444 என்னும் தரக்குறிப்பில் வகுத்தவை. எஸ் என்பது உருண்டைத் துகள்; ஜி என்பது கோணமுள்ள துகள். எஸ் வரிசை 70 தொடங்கி 110, 170, 230, 280, 330 எனச் சென்று 780 வரை ஏறும். ஜி வரிசை 10 தொடங்கி மேலே ஏறிச் செல்லும். நன்னூலார் வகுத்த இடுகுறி, காரணம் என்னும் பாகுபாட்டைக் கொண்டு நோக்கினால் இவை இரண்டும் காரணப் பெயர்களே. ஆனால் காரணம் வெளியே தெரியாததால் கையாள்வோருக்கு இடுகுறியாகிவிட்டன.

எஸ் வரிசையின் எண், சல்லடைக் கண்ணின் அகலத்தை அங்குலத்தின் பதினாயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வது. 330 என்றால் ஏறத்தாழ 0.033 அங்குலம், அதாவது 0.85 மி.மீ. அந்தச் சல்லடையில் குறைந்தது 85 விழுக்காடு துகள்கள் தங்க வேண்டும் என்பது விதி. ஆகவே எண் ஏற ஏறத் துகள் பெரிதாகும். ஜி வரிசையின் எண்ணோ, ஓர் அங்குல நீளத்தில் சல்லடைக்கு எத்தனை கண்கள் என்பதைத் தழுவியது. 40 என்றால் அங்குலத்துக்கு 40 கண். கண்ணின் அகலம் 0.425 மி.மீ. இங்கே எண் ஏற ஏறத் துகள் சிறிதாகும். ஒரே சாக்கு அடுக்கில், ஒரே வகைப் பொருள் எனக் கருதப்படுவனவற்றுக்கு, எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு எண்வரிசைகள். எஸ்-170உம் ஜி-40உம் ஒரே சல்லடையைக் குறிப்பவை. எஸ்-280உம் ஜி-25உம் அவ்வாறே. இதை எண்களிலிருந்து ஊகித்தறிய எவராலும் இயலாது. போதாக்குறைக்கு மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. எஃகுக் கம்பியைத் தன் விட்டத்துக்குச் சமமான நீளத்தில் நறுக்கி எடுக்கும் துகளுக்கு சிடபிள்யூ-32 என்பது போலப் பெயர் வரும். அங்கே 32 என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அளவில் அது எஸ்-330க்கு அருகில் நிற்கும். எண்ணிலோ பத்தில் ஒரு பங்காகத் தோன்றும்.

துகளின் வடிவம் மாறினால் வேலையே மாறும். உருண்டைத் துகள் பரப்பில் மோதிச் சிறு குழிகளை உண்டாக்கி அதை அமுக்கும். கோணத் துகள் பரப்பைக் கீறி, கூரிய மேடுபள்ளங்களை எழுப்பும். வண்ணப்பூச்சு பிடித்து நிற்க அதுவே வேண்டும். பரப்பின் கரடுமுரடை ஒப்பிட்டறியும் ஐஎஸ்ஓ 8503 தரத்தில் இவ்விரு பரப்புகளுக்கும் தனித்தனி ஒப்பீட்டுத் தகடுகள் வைக்கப்பட்டிருப்பது இதனாலேயே. வண்டிகளின் லீஃப் ஸ்பிரிங், கியர் முதலியவற்றை உருண்டைத் துகள்களால் மோதி, மேல்தோலில் அமுக்கத் தகைவை ஏற்றி, களைப்பு முறிவைத் தள்ளிப்போடும் முறை ஒன்று உண்டு. அதை 'ஷாட் பீனிங்' என்பார்கள். அவ்வேலையில் கோணத் துகள் கலந்துவிட்டால் அது விட்டுச்செல்லும் கூரிய கீறலே விரிசலின் பிறப்பிடமாகிவிடும். எதைத் தடுக்க வேலை செய்யப்பட்டதோ அதற்கே அவ்வேலை வழிகோலும். இரு பொருளுக்கும் 'ஷாட்' என்ற ஒரே சொல் வழங்குவதைச் சொல்லாராய்ச்சியாளர்கள் சிறு குறையாகக் கொள்ளுதல் தகாது.

நெசவாளரின் இரு எண்கள்

எதிர்த்திசை எண்கள் மனிதரை எப்போதும் குழப்புமா என்னும் கேள்விக்கு விடை காஞ்சிபுரத்துத் தறிகளிலேயே இருக்கிறது. பருத்தி நூலுக்கு 'நம்பர்' சொல்வார்கள். 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு நிறுக்கும் என்பதே அந்த எண். 60ஆம் நம்பரைவிட 80ஆம் நம்பர் நைசு. 100ஆம் நம்பர் அதனினும் நைசு. பட்டு இழைக்கோ டெனியர் கணக்கு. 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் நிறுக்கும் என்பது அது. 20/22 டெனியரைவிட 28/30 டெனியர் பருமன். எண் ஏறினால் ஒன்றில் நூல் மெலியும், மற்றொன்றில் இழை தடிக்கும். எனினும் இவ்வூர் நெசவாளர் எவரும் இதில் தடுமாறுவதில்லை. பருத்தி என்ற சொல்லோடு நம்பரும், பட்டு என்ற சொல்லோடு டெனியரும் பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டமையே காரணம். பொருளின் பெயர் வேறாக இருப்பதால் எண்ணின் திசை தானாக நினைவுக்கு வருகிறது. பருத்தியையும் பட்டையும் ஒருங்கே 'நூல்' என்று மட்டும் அழைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எஃகுத் துகளுக்கும் வேண்டுவது இதுவே. எஸ், ஜி என்னும் எழுத்துகளையும் அவற்றின் எண்களையும் மாற்றத் தேவையில்லை, மாற்றவும் கூடாது. கொள்முதல் ஆணை முதல் சோதனைச் சான்று வரை அவற்றையே பின்பற்றுகின்றன. தமிழ் செய்ய வேண்டியது, அவ்விரு எழுத்துகளின் முன் நிற்கத்தக்க இரண்டு பெயர்ச்சொற்களைத் தருவது.

குண்டு அன்று

'ஷாட்' என்பதற்குத் தமிழில் முதலில் நினைவுக்கு வருவது குண்டு. விளையாட்டுத் துறையில் இவ்வாங்கிலச் சொல்லுக்குக் குண்டு என்றே நிலைத்துவிட்டது. குண்டு எறிதல் என்றால் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆடவர் எறியும் அந்தக் குண்டு 7.26 கிலோ. எஸ்-330 அளவுள்ள ஒரு துகள் ஏறத்தாழ இரண்டரை மில்லிகிராம். ஒரு கிலோவில் சுமார் 4 லட்சம் துகள்கள் இருக்கும். ஆங்கிலச் சொல் ஒன்று என்பதற்காக 30 லட்சம் மடங்கு எடை வேறுபாடுள்ள இரு பொருளைத் தமிழிலும் ஒரே சொல்லுக்குள் அடைக்க வேண்டிய கடப்பாடு இல்லை. மேலும் அரைவை ஆலைகளில் சுழலும் பெரிய எஃகு உருண்டைகளுக்குக் குண்டு என்னும் சொல் பொருத்தமாகப் பயன்படக் கூடியது. அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே வேறு சொல் தேட நேரும்.

ஆங்கிலத்தில் இப்பெயர் வந்த வழியை நினைவுகூர்வது நலம். பறவை வேட்டைக்கான சிறு ஈயத் துகள்களே முதலில் இப்பெயர் பெற்றவை. பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் 1782இல் காப்புரிமை பெற்ற முறையில், உருகிய ஈயம் உயரத்திலிருந்து சல்லடை வழியே விழும். விழும்போதே பரப்பு இழுவிசையால் உருண்டையாகி நீரில் குளிரும். எஃகுத் துகள் இன்று உருவாவதும் ஏறத்தாழ அவ்வாறே. உருகிய எஃகின் ஒழுக்கை நீர்த்தாரையால் சிதறடித்தால் துளிகள் உருண்டு நீரில் விழுந்து இறுகும். பிறகு உலர்த்தி, வெப்பப் பதனம் செய்து, சலித்து வகைப்படுத்துவார்கள். துப்பாக்கியோடு பிறந்த பெயரை ஆங்கிலம் உலோகத் தொழிலுக்குக் கடன் கொடுத்தது.

தமிழிலும் துப்பாக்கியோடு சேர்ந்த சொல் ஒன்று உண்டு: ரவை. 'துப்பாக்கி ரவை' என்பது ஈழத்துத் தமிழில் இன்றும் நாளேடுகளில் வழங்கும் தொடர். தமிழகத்திலும் பழைய செய்தி நடையில் அது அயலானதன்று. பொற்கொல்லர் சிறு வைரத்தை ரவை என்பர். சமையலறையில் அது சல்லடை அளவால் பிரிந்து நைஸ் ரவை, பருமன் ரவை என நிற்கிறது. நுண்மை, எண்ணிக்கை மிகுதி, சலித்துத் தரம் பிரித்தல் ஆகிய மூன்று கருத்துகளையும் ஒரே சொல் தாங்குகிறது. 'எஃகு ரவை எஸ்-330' என்று எழுதினால் விளக்கவுரை தேவைப்படாது. வடமாநிலங்களிலிருந்து வந்து இவ்வாலைகளில் உழைப்போருக்கும் 'ரவா' பழகிய சொல் என்பது எதிர்பாராத ஒரு வசதி.

கோணத் துகளுக்கு வருவோம். இது தனியே வார்க்கப்படுவதன்று என்பதைப் பெயரிடுவோர் கருத்தில் கொள்ள வேண்டும். மேற்சொன்ன உருண்டைகளுள் பெரியவற்றைக் கடினப்படுத்தி, நொறுக்கி, சலித்து எடுப்பதே இது. முழுமணி உடைந்து விளையும் பொருளுக்கு நெல் விளையும் நாட்டில் பெயரில்லாமல் போகுமா? அரிசி ஆலையில் முழு அரிசியைப் பிரித்தபின் உடைந்து நிற்பது குருணை. அதனினும் சிறியது நொய். தென்னேரிப் பாசனத்து நெல்லை அரைக்கும் ஆலையில் சல்லடை செய்யும் வேலையும், எஃகுத் துகள் ஆலையில் சல்லடை செய்யும் வேலையும் தன்மையில் ஒன்றே. வேளாண் துறை இச்சொல்லை ஏற்கெனவே நவீனப் பொருளுக்கு நீட்டியுள்ளது. கார்போபியூரான் 3ஜி என்னும் பூச்சிக்கொல்லியை உழவர் குருணை மருந்து என்பர். வேளாண் வெளியீடுகளும் அவ்வாறே எழுதும். அங்கேயும் ஜி என்னும் எழுத்துக்கு நேர் நிற்பது குருணையே. ஆகவே 'எஃகுக் குருணை ஜி-40' என்பதில் புதிதாகக் கற்க வேண்டியது ஏதுமில்லை.

பருக்கை என்பதைச் சிலர் பரிந்துரைக்கக் கூடும். ஆனால் சோற்றுப் பருக்கை முழுமையானது, உடைவைக் குறிக்காது. மணி என்பதும் நல்ல சொல்லே. எனினும் இதே தொழிலில் கண்ணாடி உருண்டைகளை வீசும் முறை தனியே இருப்பதால், மணி என்பதைக் கண்ணாடிக்கென ஒதுக்குவதே அறிவுடைமை. கம்பியை நறுக்கி எடுப்பதற்கு நறுக்கு என்ற பெயரே போதும். ஓலை நறுக்கை அறிந்த மொழிக்கு எஃகு நறுக்கு அன்னியமாகாது.

ரவை என்பதற்கு எதிராக இரண்டு தடைகள் எழலாம். ஒன்று இலக்கணம் சார்ந்தது. ரகரம் தமிழில் மொழி முதல் வாராது. எனவே இகரம் சேர்த்து 'இரவை' என எழுத வேண்டும் என்பர். அவ்வாறு எழுதினால் இரவு என்னும் பெயர் இரண்டாம் வேற்றுமை ஏற்ற வடிவத்தோடு மயங்கும். அரங்கன், ரங்கன் இரண்டையும் ஏற்கும் மொழியில் இது பெருந்தடையன்று. இரண்டாம் தடை வலுவுள்ளது. சமையலறை ரவை கோதுமையை உடைத்துப் பெறுவது, உருண்டையானதன்று. அவ்வாறிருக்க உருண்டைத் துகளுக்கு அதை வைப்பது எப்படி? இத்தடையை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆயினும் ரவையின் பொருட்கரு நுண்மையே. உடைவு என்பது கோதுமை வழக்கில் வந்து சேர்ந்தது. துப்பாக்கி ரவையில் உடைவு இல்லை. குருணையிலோ உடைவே பொருட்கரு. இரண்டும் இணையாக நிற்கும்போது ஒன்றின் எல்லையை மற்றொன்று வரையறுத்துவிடும். தனித்தனியே ஆங்கில அகரவரிசையில் வைத்து நிகரன் தேடும் பழக்கத்தின் குறை இங்கு நன்கு புலப்படும். எஸ் எழுத்தில் ஒரு சொல்லும் ஜி எழுத்தில் மற்றொரு சொல்லும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு கைகளால் ஆக்கப்பட்டால் அவை இணையாக நிற்க வாய்ப்பேயில்லை. எஃகா, உருக்கா என்ற விவாதத்தை இவ்விடத்தில் கிளப்புவதும் வீண். சேலத்தில் உருக்காலை என்று எழுதியும் பாடநூலில் எஃகு என்று எழுதியும் தமிழர் வாழ்ந்தே வருகின்றனர்.

மணல் என்னும் பிழைப்பெயர்

இதனினும் கவலைக்குரியது 'சேண்ட் பிளாஸ்டிங்' என்னும் வழக்கு. பெஞ்சமின் சியூ டில்க்மன் 1870இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றபோது அவர் வீசியது மணலையே. அன்று பொருந்திய பெயர், எஃகும் பிறவும் வந்தபின்னும் எல்லா வீச்சுக்கும் பொதுப்பெயராக ஒட்டிக்கொண்டது. தமிழில் சிலர் அதை அப்படியே பெயர்த்து 'மணல் வீச்சு' என்றும் எழுதுகின்றனர்.

மணல் நொறுங்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தரும். அந்நோய்க்குத் தீர்வான மருத்துவம் இல்லை. பிரிட்டன் 1949இல் வகுத்த விதிகளால் வார்ப்படம் முதலியவற்றைத் தூய்மை செய்ய மணலை வீசுவதைத் தடுத்தது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் அந்நோயை அறிவிக்கத்தக்க நோய்களுள் சேர்த்தது. இந்நிலையில் எஃகு ரவை வீசும் அடைத்த அறைக்கும், மெய்யாகவே மணல் வீசும் திறந்த வெளிக்கும் ஒரே பெயர் இருப்பது ஆபத்தை மறைக்கும் செயல். நாளும் 'மணல்' என்ற பெயர் கேட்டுப் பழகிய தொழிலாளர், மெய்யான மணல் வந்து இறங்கும் நாளில் அதை வேறாக உணர மாட்டார். ரவைவீச்சு, குருணைவீச்சு, மணல்வீச்சு என மூன்று சொற்கள் தனித்தனியே வழங்கினால், மூன்றாவது சொல்லைக் கேட்டவுடனே முகமூடியைப் பற்றியும் காற்றைப் பற்றியும் கேள்வி எழுப்ப இடமுண்டு. எஃகு வீச்சிலும் தூசு எழும். வார்ப்படத்தில் ஒட்டியிருக்கும் மணலும் தூசாகும். ஆயினும் வீசுபொருளே சிலிக்காவாக இருப்பது வேறு வகை ஆபத்து. அவ்வேறுபாடு பெயரில் தெரிய வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் இயந்திரப் பொறியியலையும் கட்டடப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபின் இத்தகைய சொற்களின் தேவை ஏட்டளவில் நில்லாமல் தேர்வுத்தாள் வரை வந்துவிட்டது. தமிழ்வழி மாணவர் விடைத்தாளில் எழுதும் சொல்லும், பின்னர் ஒரகடத்தில் அவர் மேற்பார்க்கும் தொழிலாளர் சொல்லும் சொல்லும் வெவ்வேறாக இருந்தால், தமிழ்வழிக் கல்வி ஆலையின் வாயிலோடு நின்றுவிடும். தமிழ்த்துறைகள் சொல்வங்கிகளுக்குப் பட்டியல் அனுப்புவதற்கு முன், ஓர் ஆய்வு மாணவரைச் சில நாள் பட்டறையில் அமரச் செய்வது செலவு மிகுந்த காரியமன்று. வட்டார வழக்குக்குக் கள ஆய்வு செய்யும் துறைகள் தொழில் வழக்கைக் களமாகக் கருதாமல் இருப்பதற்குத் தக்க காரணமும் இல்லை.

அவ்வாறு அமர்வோர் கேட்டறிய வேண்டிய ஒன்றை இங்கே குறிக்கலாம். குருணையிலும் கடினத்தால் வேறுபட்ட வகைகள் உண்டு. ஜிஎச் எனப்படுவது மிகக் கடினமானது. உடைந்தாலும் கூர்மை குன்றாது. ஜிபி எனப்படுவது சற்று மெத்தென்றது. சக்கரத்தால் வீசப்பட்டு மோதி மோதி அதன் முனைகள் மழுங்கும். குருணையாக உள்ளே போனது சில நாளில் ஏறத்தாழ ரவையாகிவிடும். புதியதும் மழுங்கியதும் பொடியும் கலந்து பொறிக்குள் சுழன்றுகொண்டிருக்கும் அந்தக் கலப்பின் அளவுப் பங்கீடே பரப்பின் தரத்தை முடிவு செய்கிறது. ஆங்கில நூல்கள் அதற்குத் தனிப் பெயர் வைத்துள்ளன. பொறியின் அடியிலிருந்து ஒரு கை அள்ளி, விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, இன்னும் எத்தனை சாக்கு போட வேண்டும் என்று சொல்லும் தொழிலாளர் அதை என்ன சொல்லி அழைக்கிறார் என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.